இடத்தை முதலில் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் பற்றி வந்த கடிதங்களில், குறிபார்த்துச் சுடுவதைப் பற்றிக் கேட்டவர்களைவிட, மைக்கில் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று கேட்டவர்களே அதிகம். அவற்றுள் எட்டுக் கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் நால்வரும் பள்ளி நாளிலிருந்து நண்பர்கள். இரவுதோறும் பி.ஜி.எம்.ஐ. என்ற கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறோம். ஆட்டம் முழுவதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனாலும் சண்டை மூண்டதும், எதிரி எங்கே இருக்கிறான் என்பது பார்த்தவனைத் தவிர வேறு யாருக்கும் தெரிவதில்லை. பிழை எங்கே இருக்கிறது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: சண்டை நேரத்தில் நீங்கள் வழக்கமாகச் சொல்பவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். "டேய், அங்க இருக்கான் பாரு", "என்னை அடிக்கிறான்", "அந்தப் பக்கம் போகாத" என்ற மூன்றிலும் பதற்றம் இருக்கிறது, இடம் இல்லை. 'அங்க' என்ற சொல் நீட்டிய கையோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். உங்கள் நண்பர் உங்கள் கையைப் பார்க்கவில்லை. அவர் வேறு ஒரு வீட்டின் மாடியில், வேறு ஒரு திசையைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். அதே காரணத்தால் 'வலது', 'இடது' என்ற சொற்களும் ஆபத்தானவை. உங்கள் வலது அவருக்கு முதுகுப்பக்கமாக இருக்கலாம்.

நம் ஊர்ப்புறங்களில் வழி கேட்டால், "கிழக்கால போயி, வாய்க்காலத் தாண்டித் தெக்கால திரும்புங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாத திசையைச் சொல்லும் அந்தப் பழக்கம்தான் உங்கள் ஆட்டத்துக்கும் வேண்டும். அதற்காகவே திரையின் மேற்புறத்தில் திசைகாட்டிப் பட்டை ஓடுகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இருவரும் அருகருகே இருந்தால் திசைகோணம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே, நீங்கள் 200 மீட்டர் தள்ளி நிற்கும்போது உங்கள் கோணம் அவருக்குப் பயன்படாது. அப்போது நிலத்திலுள்ள ஒரு பொருளைச் சொல்லுங்கள், அல்லது வரைபடத்தில் குறியிடுங்கள்.

எண்களைத் தமிழில் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அறுபது, எழுபது, எண்பது ஆகிய மூன்றும் 'பது' என்றே முடிகின்றன. வெடிச்சத்தத்துக்கு நடுவே அந்த வால் மட்டும்தான் காதில் விழும். விமானத் தொடர்பில் திசைகோணத்தை எப்போதும் மூன்று தனித்தனி இலக்கங்களாகச் சொல்வார்கள். நீங்களும் 'முந்நூற்று நாற்பது' என்பதற்குப் பதிலாக 'மூணு, நாலு, சைபர்' என்று சொல்லிப் பழகினால் அது வேகமாகவும் தெளிவாகவும் போய்ச் சேரும்.

இன்னொரு பக்கம், தமிழின் வாக்கிய அமைப்பே நமக்குத் துணை நிற்கிறது. "பச்சை வீட்டு மாடியில ரெண்டு பேர்" என்று சொல்லும்போது இடம் இயல்பாகவே முன்னால் வந்துவிடுகிறது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் கேட்பவருக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால், அந்த இருவரும் வருகிறார்களா போகிறார்களா என்பது இறுதிச் சொல்லில்தான் தெரியும். அந்த இறுதிச் சொல்லைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். இடம், எண்ணிக்கை, அவர்கள் செய்வது என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

'நாக்' (அடிபட்டு விழுந்தும் இன்னும் வெளியேறாத நிலை) என்று சொல்லும்போதும் அதோடு இடத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஓர் அணியின் கடைசி ஆள் அடிபட்டால் பொதுவாக அவர் நேரடியாக வெளியேறிவிடுவார். அவர் 'நாக்' ஆகித் தவழ்கிறார் என்றால், அவரைத் தூக்கிவிட இன்னொருவர் எங்கோ நிற்கிறார் என்று பொருள். அந்த ஒரு சொல்லிலிருந்து இவ்வளவும் தெரிந்துவிடுவதால், 'நாக்' ஆனவரையும் முழுவதுமாக வெளியேறியவரையும் ஒரே சொல்லால் குறிப்பிடாதீர்கள்.

கேள்வி: ஐவர் அணிகள் மோதும் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் நான் செத்த பிறகு, கடைசியாக உயிரோடிருக்கும் நண்பனுக்கு வழி சொல்லி உதவுகிறேன். அவன் நன்றி சொல்வதில்லை. "வாயை மூடு" என்று கத்துகிறான். நல்லது செய்ய நினைத்தது தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கேட்டது நியாயமானது. கடைசி ஆளுக்கு அந்த நேரத்தில் கண்ணைவிடக் காதுதான் பெரிய ஆயுதம். அந்த விளையாட்டில் ஓடும் காலடி கேட்கும், மெதுவாக நடக்கும் காலடி கேட்காது. ஓர் அணி வைக்கும் குண்டை மற்ற அணி செயலிழக்கச் செய்ய வேண்டும். குண்டு வைக்கப்பட்டபின் வெடிக்க 40 வினாடிகள். அதைச் செயலிழக்கச் செய்ய, கருவிப்பெட்டி இருந்தால் 5 வினாடிகள், இல்லாவிட்டால் 10 வினாடிகள். எதிரி செயலிழக்கச் செய்யத் தொடங்கும் அந்தச் சிறு ஓசை எப்போது எழுந்தது என்று காதால் பிடித்தால்தான் உங்கள் நண்பர் எப்போது வெளியே வருவது என்று கணக்கிட முடியும். உங்கள் குரல் அந்த ஓசையின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது.

மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். போட்டி முறையில் இறந்தவருக்குத் திரையில் தெரிவது, உயிரோடிருக்கும் அணித்தோழர் பார்க்கும் அதே காட்சிதான். அவருக்குத் தெரியாத எதுவும் அதற்குப்பின் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்களிடம் மட்டுமே இருக்கும் செய்தி, நீங்கள் விழுந்த அந்த நொடியில் கண்டதுதான்: எங்கிருந்து சுட்டான், எத்தனை பேர், எந்தத் துப்பாக்கி, அவனுக்கு எவ்வளவு அடி கொடுத்தீர்கள். அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மைக்கை விட்டுவிடுங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

விமானத் துறையில் இதே பாடத்தை உயிரிழப்புகளின் வழியாகக் கற்றார்கள். 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தை இயக்கத் தேவையற்ற எந்தப் பேச்சும் விமானி அறையில் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் விதி வகுத்தது. விளையாட்டில் உயிர் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கவனம் சிதறும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

கேள்வி: எங்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் அணிக்குத் தலைமை தாங்கித் திட்டம் சொல்லும் தம்பிக்கு 19 வயது. எனக்கு 31. அவன் எங்களுக்குக் கட்டளையிடக் கூச்சப்பட்டு, "அண்ணே, கொஞ்சம் மிட் பக்கம் (களத்தின் நடுப்பகுதி) போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்டு முடிக்கும் முன் சுற்று முடிந்துவிடுகிறது.
– தனியார் நிறுவன ஊழியர், தஞ்சாவூர்

பதில்: மரியாதையால் நேரம் வீணாகவில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'போ' என்பதற்கும் 'போங்க' என்பதற்கும் இடையே இருப்பது ஓர் அசை மட்டுமே. நேரத்தை விழுங்குவது 'கொஞ்சம்', 'போய்ப் பார்க்க முடியுமா' என்ற கேள்வி வடிவம்தான். கேள்வி என்றால் பதில் வேண்டும், பதிலுக்காக அவர் காத்திருப்பார், நீங்கள் யோசிப்பீர்கள். ஒரு சுற்று 1 நிமிடம் 55 வினாடிகளே நீடிக்கும் ஆட்டத்தில் அந்த யோசனைக்கு இடமில்லை. "அண்ணே, மிட் போங்க" என்பதில் மரியாதையும் இருக்கிறது, முடிவும் இருக்கிறது.

இதை அவர் தாமாகத் தொடங்க மாட்டார். வயதில் மூத்தவராகிய நீங்கள்தான் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, நீ சொன்னா நான் போவேன், காரணம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, முதல் சில சுற்றுகளில் அதைச் செய்தும் காட்ட வேண்டும். அவர் சொன்னது தவறு என்று உங்களுக்குப் பட்டாலும் அந்தச் சுற்றில் அதையே செய்யுங்கள். ஐவரும் சேர்ந்து செய்யும் சுமாரான திட்டம், மூவர் ஒன்றும் இருவர் வேறொன்றும் செய்யும் சிறந்த திட்டத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன்.

தலைமை களத்தில் ஆடுபவரிடமே இருக்க வேண்டும் என்பதை விளையாட்டை நடத்துபவர்களும் முக்கியமாகக் கருதினார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனம், தான் ஆதரிக்கும் 'மேஜர்' எனப்படும் பெரும் போட்டிகளில் பயிற்சியாளர்கள் ஆட்டத்தின்போது தொடர்ந்து பேசுவதை 2016இல் தடுத்து, ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் 30 வினாடி நேர ஓய்வுகளிலும் மட்டுமே பேசலாம் என்று விதித்தது. பின்னாலிருந்து பயிற்சியாளரே எல்லா முடிவையும் எடுத்தால், ஐவரில் ஒருவர் சுமக்க வேண்டிய பொறுப்பு ஆட்டத்தைவிட்டே போய்விடுகிறது.

கேள்வி: புதிதாக வாங்கிய புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. விளையாட்டில் மைக்கைத் திறந்ததும் பழைய தொலைபேசி போல ஒலி மங்கிவிடுகிறது. காலடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பழுதா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பழுது இல்லை. வழக்கமான புளூடூத்தில், இரு காதுக்கும் தனித்தனியாக உயர்தர ஒலியை அனுப்பும் முறை ஒருவழிப் பாதை; அதில் மைக்குக்கு இடமில்லை. மைக் திறந்ததும் கருவி தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் ஒலி ஒற்றைத் தடமாகி, மாதிரி எடுக்கும் வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகக் குறைந்துவிடும். இடது வலது வேறுபாடு அழிந்தபின் காலடியின் திசை எப்படித் தெரியும்? இதோடு கம்பியில்லா ஒலிக்கே உரிய தாமதமும் சேர்ந்துகொள்கிறது. கணினியில் ஆடுபவர் என்றால், ஒலி உள்ளீட்டுக்கு வேறொரு மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் உயர்தர முறையிலேயே இருக்கும். கைப்பேசியில் ஆடுபவர் என்றால், மைக் வைத்த சாதாரணக் கம்பி இயர்போன் போதும். விலை குறைவு என்பதற்காக அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

மைக்கை எப்போதும் திறந்து வைப்பதா, பொத்தானை அழுத்தும்போது மட்டும் பேசுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். கணினியில் பொத்தானே நல்லது. மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, அடுத்த அறைத் தொலைக்காட்சி ஆகியவை நால்வர் காதிலும் விழுவதை அது தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, அழுத்துவதற்கு ஆகும் அரை நொடியில், 'இதைச் சொல்லத்தான் வேண்டுமா' என்ற எண்ணம் வந்துபோகிறது. சொல்லி முடித்தவுடனே பொத்தானை விட்டுவிடாமல், கடைசி அசை போய்ச் சேரும்வரை ஒரு கணம் பிடித்திருங்கள். முன்னே சொன்னேனே, தமிழில் வினை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அணியில் தமிழர் இருவர், மலாய்க்காரர் இருவர், சீனர் ஒருவர். நாங்கள் இருவரும் தமிழில் பேசினால் வேகமாக இருக்கிறது. அது தவறா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: சுற்றுகளுக்கு இடையில் எந்த மொழியிலும் பேசுங்கள். சுற்று நடக்கும்போது ஐவருக்கும் புரியும் ஒரே மொழியில் பேசுங்கள். உங்கள் இருவருக்கு மட்டும் புரியும் செய்தி மற்ற மூவருக்கு வெறும் இரைச்சல் மட்டுமன்று, தாங்கள் வெளியே நிறுத்தப்பட்டோம் என்ற எண்ணத்தையும் அவர்களுக்குத் தந்துவிடும்.

பொதுமொழியில் புலமை தேவையில்லை. டென்மார்க், நார்வே, கனடா, எஸ்தோனியா, லாத்வியா ஆகிய ஐந்து நாட்டவர் ஐவரைக் கொண்ட ஃபேஸ் என்ற தொழில்முறை அணி, ஆங்கிலத்தையே பொதுமொழியாகக் கொண்டு, 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் மேஜர் போட்டியை வென்றது. ஒரே நாட்டைச் சாராத பன்னாட்டு அணி ஒன்று மேஜரை வென்றது அதுவே முதல்முறை. அவர்களுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது இடப்பெயர்கள். 2001இல் டேவ் ஜான்ஸ்டன் வடிவமைத்த டஸ்ட் 2 களத்தில் 'லாங்', 'மிட்', 'டனல்' என்று சொன்னால் எந்த நாட்டு ஆட்டக்காரருக்கும் இடம் புரியும். ஐவரும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஆளில்லாத களத்தில் நடந்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரே பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பது, பெயரே இல்லாததைவிடக் கெடுதல்.

கேள்வி: என் மகன் இரவில் அறைக்குள் "செத்துட்டேன், பின்னாடி ரெண்டு பேர்" என்று கத்துகிறான். கவலைப்பட வேண்டுமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அந்தச் சொற்களுக்காகக் கவலைப்பட வேண்டாம், தோழர்களுக்கு எதிரியின் இடத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியது வேறு: மறுமுனையில் இருப்பவர்கள் யார்? பள்ளி நண்பர்கள் என்றால் நல்லது. முன்பின் தெரியாதவர்கள் என்றால், நண்பர்கள் மட்டும் சேரும் தனி அறையில் பேசவும், ஊர், பள்ளி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒருபோதும் சொல்லாமலிருக்கவும் பழக்குங்கள். ஒருநாள் அருகில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுவதும் பாருங்கள். தடைபோட்டுப் பெறுவதைவிட அதிகமாக அப்போது தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: நான் வாலரண்ட் என்ற ஐவர் அணித் துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறேன். பெண்குரல் கேட்டதும் கேலியோ, வசவோ, எண் கேட்பதோ தொடங்கிவிடுகிறது. இப்போது மைக்கை அணைத்தே வைத்திருக்கிறேன். பேசாமலே நல்ல அணித்தோழியாக இருக்க முடியுமா?
– வாசகி, சேலம்

பதில்: முடியும். ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க நேர்ந்ததே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆட்டத்தில் எல்லோருக்கும் உரிய ஒரு கருவியை நீங்கள் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பது உங்கள் குறையால் அன்று.

குரலின்றிப் பேசும் வழியை மிகத் தெளிவாகக் காட்டியது, 2019 பிப்ரவரியில் வெளிவந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ். மூவர் அணியாக ஆடும் அந்த விளையாட்டில், பார்த்த இடத்தைக் குறிவைத்து ஒரு பொத்தானைத் தட்டினால், அங்கே எதிரியா, ஆயுதமா, போகவேண்டிய திசையா என்பதைப் பொறுத்து அடையாளம் விழும். கதாபாத்திரமே அதைக் குரலிலும் சொல்லும். 'பிங்' எனப்படும் அந்த முறைக்கான காப்புரிமையைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021இல் அறிவித்தது. செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அது பெரிய கொடை. வாலரண்டிலும் பிங் உண்டு. எதிரியைக் கண்டவுடன் தட்டும் ஒரு பிங், பதறிய குரலைவிடத் துல்லியமானது. பிங்கால் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. 'நான் புகைக்குண்டு போடும்வரை நில்லுங்கள்' என்பது போன்ற, இனி நடக்கப்போவதைப் பற்றிய பேச்சை, சுற்றின் தொடக்கத்தில் ஆயுதம் வாங்கும் நேரத்தில் எழுத்தில் தட்டிவிடுங்கள்.

வசவைப் பொறுத்தவரை மூன்றைச் செய்யுங்கள். முதல் வசவிலேயே, இரண்டாவதுக்குக் காத்திராமல், அந்த ஒருவரை மட்டும் ஒலியடக்குங்கள். பதில் சொல்லாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் முறையீடு செய்யுங்கள். முறையீடு வீண் என்று பலர் நினைக்கிறார்கள். வாலரண்டை நடத்தும் ரயட் நிறுவனம், முறையீடு வந்தால் குரல்பதிவை ஆராய இடமளிக்கும்படி 2021இல் தன் விதிகளை மாற்றி, 2022 ஜூலையில் வட அமெரிக்காவில் ஆங்கிலப் பேச்சைக் கொண்டு அந்த முறையைப் பழக்கத் தொடங்கியது. 2023இல் கால் ஆஃப் டூட்டி விளையாட்டும் குரலைத் தானாகக் கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ் வசவைப் புரிந்துகொள்ளும் திறன் இத்தகைய கருவிகளுக்கு வேண்டும் என்று நாமும் கேட்கவேண்டும்.

இதை வாசிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அணியில் ஒருவரை ஒருவர் கேலி செய்யும்போது, "விடு, ஆட்டத்தைப் பாரு" என்று நீங்கள் சொல்லும் ஒற்றை வரிக்கு, எந்தக் கருவியையும்விட வலிமை அதிகம். மற்ற மூவர் அமைதியாக இருப்பதைக் கேலி செய்பவன் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறான்.

கேள்வி: தோற்றதும் யார் காரணம் என்று சண்டை வருகிறது. போன மாதம் ஒருவன் குழுவைவிட்டே போய்விட்டான். இதைத் தவிர்க்க வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தோற்ற உடனே ஆராயாதீர்கள். 13 சுற்றுகளை முதலில் வெல்பவருக்கே வெற்றி என்ற ஆட்டத்தில், ஒரு சுற்றின் பிழையைப் பேசிக்கொண்டே அடுத்த சுற்றுக்குள் நுழைந்தால் அதுவும் போய்விடும். சுற்றுகளுக்கு இடையில் அடுத்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். போனதை மறுநாள், பதிவைப் போட்டுப் பார்த்துப் பேசுங்கள். அப்போதும் "நீ ஏன் வரல" என்று தொடங்காமல், "நான் உள்ளே போனபோது நீ பின்னாடி இருக்கன்னு நினைச்சேன்" என்று தாம் கண்டதையும் நினைத்ததையும் ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

எங்கள் அணியிலும் இப்படி ஒரு பிளவு வந்தது. அப்போது ஓர் ஆட்டத்தின் குரல்களை எல்லோர் சம்மதத்தோடும் பதிவுசெய்து மறுநாள் சேர்ந்து கேட்டோம். யாருமே எதையும் சொல்வதில்லை என்று அதுவரை குறைசொல்லி வந்தவன் நான். பதிவில், எங்கள் அணியின் இளையவர் இரண்டு முறை "பின்னாடி காலடி கேக்குது" என்று சொன்னார். இரண்டு முறையும் என் குரல் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களைவிட்டுப் போன நண்பரை அழைத்து, அவர் இருந்த கடைசி ஆட்டத்தின் பதிவு இருந்தால் அதை ஐவரும் சேர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.